தொட்டு எழுப்பாத வீடு

"தூங்கிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பச்சையம்மாள் போய்விட்டாள். வேறு வீட்டில் பெண்டாட்டி புருஷனிடம் இதைச் சொன்னால் குழந்தையைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் இந்த வார்த்தைக்குக் கனம் ஜாஸ்தி. சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒரு கால் வாசற்படிக்கு உள்ளே ஒரு கால் வெளியே என்று நின்று, பாயில் தூங்குகிற பேத்தியைப் பார்த்துத்தான் சொன்னாள். போக மனமே இல்லை அவளுக்கு. என்ன செய்வாள்? இந்த வாரம் முழுக்க அர்த்தராத்திரியில் வந்து உயிரை வாங்கிய த்ரீபேஸ் கரண்ட் இன்றைக்கு மத்தியானமே வந்துவிட்டது. மல்லாட்டைக்கு, வேர்க்கடலை என்பார்களே அதற்கு, விழுது இறங்குகிற நேரம். இப்போது தண்ணீர் காட்டாமல் விட்டால் பிடுங்கும்போது கையில் வெறும் கொடிதான் வரும். மற்ற நாளாக இருந்தால் மோட்டார் போட நான் ஓடியிருப்பேன். வலது கண்ணில் புரை எடுத்து இன்னும் ஒரு வாரம் ஆகவில்லை. குனியாதே, வெயிலில் போகாதே, பளு தூக்காதே, முகம் கழுவாதே, கண்ணைக் கசக்காதே. பட்டாளத்தில்கூட இத்தனை உத்தரவை ஒரே மூச்சில் யாரும் எனக்குப் போட்டதில்லை. மகள் தமயந்தி காலையிலிருந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்தவாசிக்கு பஸ் ஏறிப் போயிருக்கிறாள். ஆக, வீட்டில் நானும் பாப்பாவும். பாப்பாவுக்குத் தன்ஷிகா என்று பேர் வைத்திருக்கிறார்கள். எந்த ஊர்ப் பேரோ, சொன்னால் எனக்கு நாக்கு சுளுக்குகிறது. பாப்பா என்றே கூப்பிடுகிறேன். அதுவும் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறது.

தூங்கக்கூடாது. கூடாது என்று நினைத்த மாத்திரத்தில் எங்கிருந்துதான் வருமோ, இமை இரண்டும் தானாகக் கனக்கிறது. ராத்திரியெல்லாம் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தி ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. இப்போது சோறும் கீரைக்குழம்பும் உள்ளே போய், மாத்திரையும் போய், மேலே காற்றாடி கடகடவென்று சுற்ற, கறுப்புக் கண்ணாடிக்குள் வெளிச்சமும் மங்கி, எல்லாமே ஆளைச் சாய்க்கிற ஏற்பாடு. முகத்தில் இரண்டு கை தண்ணீர் அடித்தால் போதும், தெளிந்துவிடும். அதற்கும் தடை. கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். படுக்கவில்லை. படுத்தால் போச்சு. பாப்பா எதிரே பாயில், பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு குப்புறத் தூங்குகிறது. புடவை ஏணையில் போட்டால் எட்டிப் பார்த்துத் தலைகீழாகத் தொங்குகிறது என்று ஏணையை அவிழ்த்தாகிவிட்டது. விழித்தால் அழாது, அதுதான் இதனிடம் சிக்கல். மற்ற பிள்ளைகள் விழித்ததும் ஊரைக் கூட்டும். இது சத்தமே போடாமல் தவழ்ந்து வந்து, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும். கட்டில் கால், வேட்டித் தலைப்பு, தொங்குகிற கை. தொங்குகிற கை. நான் தூங்கும்போது அது வந்து என் கையைப் பிடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பது பொய். தெரியும். அதனால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் என்னை யாரும் தொட்டு எழுப்புவதில்லை. ஒரு வீட்டில் செவ்வாய்க்கிழமை கறி எடுக்கமாட்டார்கள், ஒரு வீட்டில் வடக்கே தலைவைத்துப் படுக்கமாட்டார்கள், எங்கள் வீட்டில் இது. வாசல் நிலையைத் தாண்டாமல் அங்கேயே நின்று 'ஏங்க' என்று கூப்பிடவேண்டும். நான் 'ம்' சொல்லவேண்டும். சொன்ன பிறகும், கண்ணைத் திறந்தேனா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே காலை வைக்கவேண்டும். யாரும் உட்கார்ந்து பேசிப் போட்ட சட்டம் இல்லை. பச்சையம்மாள் தன் மணிக்கட்டைக் கொடுத்து வாங்கிய சட்டம். கல்யாணமான புதிது. அமைதிப்படையில் இலங்கைக்குப் போய்த் திரும்பி வந்த முதல் லீவு. மத்தியானம் அசந்து தூங்கிவிட்டேன். இவள் பணியாரம் சுட்டாளாம், சூடு ஆறிப்போகுமே என்று வந்து தோளைத் தொட்டாளாம். 'ளாம்' போட்டுத்தான் சொல்லவேண்டியிருக்கிறது, அதில் எதுவும் எனக்குத் தெரியாது. நான் கண்ணைத் திறந்தபோது அவள் கை என் இரண்டு கைக்குள்ளும் முறுக்கிக் கிடந்தது. வாயைத் திறந்திருந்தாள், சத்தம் வரவில்லை. அதுதான் எனக்குத் தெரிந்தது. பணியாரம் தரையெல்லாம் உருண்டு கிடந்தது. புத்தூர்க் கட்டு போட்டுவிட்டு ஊருக்கு என்ன சொன்னாள் தெரியுமா? "கெணத்தாண்ட வழுக்கி வியுந்துட்டேன்." அவள் அம்மா கேட்டபோதும் அதே கிணறுதான். அந்தக் கிணற்றடியில் வழுக்க ஒரு பொட்டுப் பாசி கிடையாது, அவள் அம்மா தினம் அங்கேதான் தண்ணீர் சேந்துகிறவள், இருந்தும் நம்பினார்கள். நம்பினார்களோ, நம்பின மாதிரி இருந்தார்களோ. கட்டு பிரித்த பிறகும் கை கொஞ்சம் கோணிக்கொண்டுதான் நின்றது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், அழுதிருப்பேன், பேச்சு எங்கேயாவது போய்ச் சேர்ந்திருக்கும். அவள் மறுநாள் மத்தியானம் கட்டுப் போட்ட கையோடு வாசல் நிலையில் வந்து நின்று 'ஏங்க' என்றாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

பிள்ளை பெற்றவர்கள்தான் நாங்கள். ஆனால் அதற்கப்புறம் ஒரு ராத்திரிகூடச் சேர்ந்து தூங்கியதில்லை. அந்தக் காரியமெல்லாம் விழித்துக்கொண்டு செய்வதுதானே. முடிந்ததும் நான் எழுந்து இந்தக் கட்டிலுக்கு வந்துவிடுவேன். அவள் உள் அறையில் படுப்பாள். ஆரம்பத்தில் உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்கும். நான்தான் போட்டுக்கொள் என்று சொல்லியிருந்தேன். சொன்னதும் நானே, அந்தச் சத்தம் கேட்டுப் புரண்டு படுப்பதும் நானே. இந்த ஊரில் என்னை மிலிட்டிரிக்காரர் என்பார்கள். ஏகாம்பரம் என்கிற பேர் ரேஷன் கார்டில் இருக்கிறது, வாயில் யாருக்கும் வராது. கேன்டீன் சரக்கு வரும்போது மச்சான் முறை, மாமன் முறை என்று புதுப்புது உறவெல்லாம் தேடிக்கொண்டு வரும். வாங்கிக்கொண்டு, "சண்டைல எத்தினி பேர சுட்டீங்க மாமா?" என்று கேட்கும். சிரித்துவைப்பேன். ஒருத்தனாவது, அங்கே எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்டதில்லை. சாப்பிட்டதைக் கேட்பான், குளிரைக் கேட்பான், தூங்கியதை எவன் கேட்பான்? சண்டை என்றால் சுடுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சண்டையில் பாதி, தூங்காமல் இருப்பது. மீதிப் பாதி, பக்கத்தில் இருப்பவனை நம்பித் தூங்குவது.

பாப்பா அசைகிறதா? இல்லை, ஈ. மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. விரட்டக் குனியவேண்டும். குனியக்கூடாது. துண்டை எடுத்து இங்கிருந்தே வீசுகிறேன், ஈ போய்விட்டது, துண்டின் காற்றுப் பட்டு பாப்பா சப்புக்கொட்டிவிட்டு மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. தூரத்தில் மோட்டார் ஓடுகிறது. நம்முடையதா, பக்கத்துக் கொல்லையுடையதா தெரியவில்லை. அது ஓடுகிற வரைக்கும் பச்சையம்மாள் வரமாட்டாள். ஒவ்வொரு பாத்தியாக மடை திருப்பிக்கொண்டிருப்பாள். திருப்பும்போதெல்லாம் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள், எனக்குத் தெரியும். தூங்கிவிட்டிருப்பானோ, தூங்கிவிட்டிருப்பானோ என்று ஒவ்வொரு மடைக்கும் ஒரு தடவை. அவளுக்குப் பயம் என் மேல் இல்லை, என் தூக்கத்தின் மேல். இரண்டும் வேறு வேறு ஆள் என்று எப்படியோ அவள் பிரித்து வைத்திருக்கிறாள். விழித்திருக்கிறவனுக்குக் கீரைக்குழம்பு வைப்பாள், கறிவேப்பிலையைப் பொறுக்கி எடுத்துப் போடுவாள், காய்ச்சல் வந்தால் தைலம் தேய்ப்பாள். தூங்குகிறவன் வேறு யாரோ. அவனை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவாள். எனக்கும் அவன் யாரென்று தெரியாது. நான் அவனைப் பார்த்ததே இல்லையே.

எழுந்து நிற்கலாம். நின்றால் தூக்கம் வராது என்று நினைத்து எழுந்து சுவரில் சாய்ந்தேன். சாய்ந்ததுதான் தப்பு. நின்றுகொண்டே தூங்குகிற வித்தை எனக்குத் தெரியும் என்பது மறந்துவிட்டது. முட்டி மடங்கியபோதுதான் விழித்தேன். ஐயோ என்று பாயைப் பார்த்தேன். இருக்கிறது, தூங்குகிறது. அடுப்பங்கரைக்குப் போய்ப் பச்சைமிளகாய் ஒன்றை எடுத்து வந்து கடித்தேன். காவலுக்கு நிற்கும்போது செய்கிற வேலை இது. அங்கே மிளகாய்க்குத் தட்டுப்பாடு, ஒன்றை வாங்கி நாலாகக் கிள்ளிப் பங்குபோடுவோம். காது வரைக்கும் உறைத்தது. கண்ணில் தண்ணீர் வருகிறது. துடைக்கலாம் என்று கையை எடுத்தவன் பதறிப்போய் இறக்கிக்கொண்டேன். ஆபரேஷன் செய்த கண், மிளகாய்க் கை. நல்ல வேளை. தாத்தனுக்குக் கண் போனது பேத்தியைக் காவல் காத்ததில் என்று நாளைக்கு ஊர் பேசும். கையை வேட்டியில் துடைத்தேன். போதவில்லை. எண்ணெய் தேய்த்துத் துடைத்தேன். இந்தக் கையால் பாப்பாவைத் தூக்கக்கூடாது, அதன் கண்ணிலும் பட்டுவிடும். தூக்கக்கூடாது என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார். எல்லாப் பக்கமும் கூடாது. மற்ற நாளில் விழித்திருக்கும்போது இதைத் தூக்கிக் கொஞ்சுகிறேன்தான், தோளில் போட்டுத் தெருக்கோடி வரைக்கும் போய் வருகிறேன்தான். ஆனால் நான் ஒரு கொட்டாவி விட்டால் போதும், தமயந்தி எங்கிருந்தோ வந்து, "குடு நைனா, பாலு குடுக்கற நேரம்" என்று வாங்கிக்கொள்வாள். இப்போதுதானே குடித்தது என்று எனக்குத் தெரியும். நானும் கொடுத்துவிடுவேன். கொட்டாவியை அடக்கப் பழகிவிட்டேன். மூக்கு விடைத்துக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அடுப்பாண்ட போகாதே, கிணத்தாண்ட போகாதே, நைனா தூங்கும்போது கிட்ட போகாதே என்று சேர்த்துச் சொல்லித்தான் அவளை வளர்த்தது. நான் ஓய்வு பெற்று ஊருக்கு வந்த வருஷம், அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சமயம். ஒருநாள் பச்சையம்மாள் களை எடுக்கப் போயிருக்கிறாள், நான் இதே கட்டிலில் தூங்குகிறேன். கண் விழித்துப் பார்க்கிறேன், வாசல் நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது பிள்ளை. பை தோளிலேயே இருக்கிறது. முகமெல்லாம் சிவந்து, பல் தந்தியடிக்கிறது. எப்போதம்மா வந்தாய் என்றால், "அப்பவே வந்துட்டேன் நைனா. டீச்சர் ஜுரம்னு அனுப்பிட்டாங்க." ஏன் உள்ளே வரவில்லை? "கூப்ட்டேன். நீ எய்ந்திருக்கல." ஜுரத்தில் குரல் எழும்பியிருக்காது. கொள்ளிக்கட்டையாகக் கொதிக்கிற உடம்போடு, அப்பன் தானாக விழிக்கட்டும் என்று நிலைப்படியில் உட்கார்ந்திருக்கிறது. ஓடிப்போய்த் தூக்கினேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டது, ஆனால் கட்டிக்கொள்வதற்கு முன்னால் ஒரு நொடி என் கண்ணை உற்றுப் பார்த்தது. திறந்திருக்கிறதா என்று. அந்தப் பார்வையை நான் யாரிடமும் சொன்னதில்லை. எத்தனையோ பேர் என்னைப் பயந்து பார்த்திருக்கிறார்கள், அந்தத் தீவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பார்த்தார்கள். உள்ளே வராதீங்கோ தம்பி, பிள்ளை நித்திரை கொள்ளுது என்று நம் பாஷையிலேயே கெஞ்சினார்கள். அதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். இதை இன்னமும் பொறுக்க முடியவில்லை. நித்திரை. எவ்வளவு அழகாகச் சொல்கிறார்கள். நமக்குத் தூக்கம். தூக்கம் என்றால் ஏதோ பளு தூக்குகிற மாதிரி இருக்கிறது. தூக்கக்கூடாது என்று டாக்டர், தூங்கக்கூடாது என்று பெண்டாட்டி. ம். கண் செருகுகிறது. செருகக்கூடாது.

உட்கார்ந்துகொள்கிறேன். படுக்கவில்லை, சும்மா சாய்கிறேன், முதுகு கேட்கிறது. கையைத் தொங்கவிடவில்லை. இரண்டு கையையும் மார்பின் மேல் வைத்துக்கொள்கிறேன். பாப்பா எட்டினாலும் கட்டில் சட்டத்தைத்தான் பிடிக்கும். பிடித்து நிற்கும். நின்றால் அதன் தலை என் இடுப்பு உயரம் வரும். அப்புறம் கையை நீட்டும். வேண்டாம், பார்த்துக்கொண்டே இருப்போம். அங்கே, சண்டையில், எல்லாம் நேர்மாறு. கூப்பிட்டு எழுப்பக்கூடாது. குரல் கொடுத்தால் எங்கேயோ இருக்கிறவனுக்கும் கேட்டுவிடும். தொட்டுத்தான் எழுப்பவேண்டும். தோளில் முதலில் இரண்டு விரல், அப்புறம் உள்ளங்கை முழுதும், அழுத்தி. மாதையன் அப்படித்தான் எழுப்புவான். பென்னாகரம் பக்கம் அவனுக்கு. சோளக்களியையும் அவன் அக்காவையும் பற்றிப் பேசியே என் காதைத் தேய்த்தவன். அவன் கையில் எப்போதும் பீடி வாசனை. கண்ணைத் திறக்காமலே அவன் கை என்று தெரியும். எழுந்திருப்பேன், அவன் படுப்பான், என் முறை முடிந்ததும் நான் அவனைத் தொடுவேன். அவனோடு ஒரே பதுங்குகுழியில் தூங்கிய மாதிரி நான் யாரோடும் தூங்கியதில்லை, கட்டிய பெண்டாட்டியோடும் இல்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. வாழைத்தோட்டம். மழை விட்டு இலையிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது. விடிகிற நேரம், தோளில் கை. சரிடா, எந்திரிச்சிட்டேன் என்றேன். கை எடுக்கவில்லை. எந்திரிச்சிட்டேன்டா, எடு. எடுக்கவில்லை. கனத்தது. சில்லென்று இருந்தது. திரும்பிப் பார்த்தால் மாதையன் என் பக்கம் கையை நீட்டிக்கொண்டு கவிழ்ந்து கிடக்கிறான், முதுகெல்லாம். எந்தச் சத்தத்தில் எப்போது குண்டு பட்டது என்று எவருக்கும் தெரியவில்லை. என் முறை வந்துவிட்டது என்று எழுப்பத் தொட்டானா? அடிபட்ட பிறகு, என்னைக் கூப்பிடத் தொட்டானா? எப்போது தொட்டான்? தொட்டும் நான் எழுந்திருக்காமல் தூங்கினேனா? எத்தனை தரம் சுற்றினாலும் செக்குமாடு அங்கேயே வந்து நிற்கிறது. தொட்டபோது விழித்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம். கட்டியிருக்கலாம், தண்ணீர் கொடுத்திருக்கலாம், ஒன்றுமில்லாவிட்டால் கையையாவது பிடித்துக்கொண்டிருக்கலாம். அதற்கப்புறம்தான் இந்த உடம்பு, தூங்கும்போது ஒரு விரல் பட்டாலும் போதும், நான் வருவதற்கு முன்னாலேயே எழுந்து பாய்ந்துவிடுகிறது. விட்டதைப் பிடிக்கப் பார்க்கிறதோ என்னவோ. மாதையன் கையைத்தான் பிடிக்கிறது போல, யார் கையாக இருந்தாலும். மோட்டார் ஓடுகிறது. இலையிலிருந்து சொட்டுகிறது. சொட்டு மருந்து விடுகிற நேரம் ஆகியிருக்கும், தமயந்தி வந்துதான் விடவேண்டும், பல்லைப் பிடுங்கிக்கொண்டு, பிடுங்கினால் கொத்துக்கொத்தாக மல்லாட்டை, எந்திரி ஏகாம்பரம், உன் முறை, இதோ மாதையா, கண்ணைத் திறந்துகொண்டுதான் இருக்கிறேன், பார்த்துக்கொண்டுதான்

பாய் காலியாக இருக்கிறது. மோட்டார் சத்தம் இல்லை. வெயில் வாசலைவிட்டு இறங்கிப் போய்விட்டது. பாய் காலி. நான் முதலில் பாப்பாவைத் தேடவில்லை. என் கையைத்தான் பார்த்தேன். இரண்டு கையையும் கண்ணுக்கு நேரே தூக்கி, உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு என்று பார்த்தேன். கறுப்புக் கண்ணாடியில் எல்லாம் ஒரே கறுப்பு. கழற்றி எறிந்துவிட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதை நம்ப முடியவில்லை. அப்புறம்தான் குனியாதே என்கிற உத்தரவெல்லாம் மறந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், கதவுக்குப் பின்னால் பார்த்தேன். அடுப்பங்கரையிலிருந்து தமயந்தி வருகிறாள். வாயில் பஞ்சு, கன்னம் வீங்கி உப்பியிருக்கிறது. இடுப்பில் பாப்பா. பாப்பா என் கையைப் பார்த்துச் சிரிக்கிறது, நான் கையைத் தூக்கி ஏதோ விளையாட்டுக் காட்டுகிறேன் என்று. சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன்.

"எப்பம்மா வந்தே?"

"அப்பவே." பஞ்சைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள். "நீ தூங்கினு இருந்தே."

"பாப்பா?"

"உன் மாருமேல படுத்துனு இருந்தா. நல்லாத் தூங்கிட்டா. உன் கை அவ முதுகுமேல இருந்துச்சி."

"நீ கூப்புடலியா?"

"எப்பிடி நைனா கூப்புடுவேன்? கூப்ட்டா நீ தூக்கிவாரிப் போட்டு எய்ந்திருப்பியே. புள்ள மேல இருக்குதே." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பல்வலியோ, வேறோ. "எவ்ளோ நேரம் நின்னேன்னு தெரில. அப்பறம் உள்ள வந்தேன். உன் கைய மெதுவா எடுத்து அந்தாண்ட வெச்சேன். வெச்சிட்டுப் புள்ளயத் தூக்கினேன்."

"என் கையப் புடிச்சி எடுத்தியா?"

"ம்."

"நான் எய்ந்திருக்கலியா?"

"இல்ல நைனா. கொறட்ட உட்டுனு இருந்தே."

அவள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் படுக்கப் போய்விட்டாள். ஊசி போட்டது மயக்கமாக இருக்கிறதாம். நான் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். பாப்பா தானாகத் தவழ்ந்து வந்திருக்கிறது. எதையோ பிடித்து ஏறியிருக்கிறது, என் வேட்டியைப் பிடித்திருக்கும், என் விரலைப் பிடித்திருக்கும், முகத்தைத் தடவியிருக்கும், அது எதையும் வாயில் வைக்கிற ஜாதி, காதைக் கடித்துக்கூடப் பார்த்திருக்கும். நான் ஒன்றும் செய்யவில்லை. முதுகில் கை வேறு போட்டிருக்கிறேன். அப்புறம் தமயந்தி வந்து, வாசல் நிலையைத் தாண்டி வந்து, கைபிடித்து, எடுத்து வைத்திருக்கிறாள். பிறந்ததிலிருந்து தூங்குகிற அப்பனைத் தொடாத பெண். இவ்வளவும் நடந்திருக்கிறது, நான் அங்கே இல்லை. பாப்பா மார்பில் எவ்வளவு கனம் கனத்தது, மூச்சு சூடாக இருந்ததா, எச்சில் ஒழுகியதா, ஒன்றும் தெரியாது. சட்டையை இழுத்துப் பார்க்கிறேன். ஒரு இடத்தில் ஈரம் மாதிரி இருக்கிறது. எச்சிலோ, என் வியர்வையோ. சந்தோஷப்படவேண்டிய சமயம். ஏன் இப்படி அழுகை முட்டுகிறது? ஒரு பக்கம், விட்டுப்போச்சா, இத்தனை வருஷமாகப் பிடித்திருந்தது விட்டுப்போச்சா என்று இருக்கிறது. இன்னொரு பக்கம், மாதையன் தொட்டபோதும் இப்படித்தான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாயா என்று இருக்கிறது. எனக்குக் கோபம்கூட வருகிறது. யார் மேல் என்றால், இந்தத் தூங்குகிறவன் மேல். இத்தனை காலம் எல்லாரையும் வாசலோடு நிறுத்திவைத்தவன், இன்றைக்குப் பேத்தியை மார்பில் போட்டுக்கொண்டு சுகமாகத் தூங்கியிருக்கிறான். காவல் நான், சுகம் அவனுக்கா?

கொல்லைப்புறத்தில் மண்வெட்டியைச் சாய்க்கிற சத்தம். பச்சையம்மாள் வந்துவிட்டாள். தொட்டித் தண்ணீரில் கால் கழுவுகிறாள். "தமா, வந்துட்டியா? புள்ள?" என்கிறாள். உள் அறையிலிருந்து தமயந்தி, "இங்கதாம்மா, எங்கூடப் படுத்துனு இருக்கறா" என்கிறாள். பச்சையம்மாள் மூச்சு விடுவது எனக்கு இங்கே கேட்கிறது. அப்படி ஒரு மூச்சு. எத்தனை மடை திருப்பினாளோ அத்தனையும் அதில் இறங்கியது. தமயந்தி படுத்துவிட்டதால் எனக்குச் சொட்டு மருந்து விட இனி இவள்தான் வருவாள். நான் உட்கார்ந்திருக்கிறேன், கண் திறந்திருக்கிறது, அவள் தாராளமாக உள்ளே வரலாம். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. படுத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

காலடி வாசல் நிலை வரைக்கும் வந்து நின்றது. எப்போதும் நிற்கிற இடம்.

"ஏங்க."

'ம்' சொல்லவேண்டும். இத்தனை வருஷத்தில் அவளுடைய முதல் கூப்பாட்டுக்கு நான் 'ம்' சொல்லாத நாள் கிடையாது. நாக்கு நுனி வரைக்கும் வந்ததை முழுங்கினேன்.

"ஏங்க. மருந்து உடணும்."

மூச்சை மெதுவாக விட்டேன். வெளியே தெரியாத அளவுக்கு. இது நல்ல காரியம் இல்லை என்று தெரியும். நிலையில் வளையல் படுகிற சத்தம். தட்டுகிறாள்.

"இன்னாங்க. இன்னாங்க, ஒங்களத்தான்."

நீயே வா என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். ஒரே ஒரு தடவை நீயாக வா, நான் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஒன்றும் ஆகாது, கை இரண்டையும் கட்டிலின் சட்டத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் பார். ஆனால் அவள் நினைத்தது வேறு. அது எனக்குத் தோன்றவே இல்லை, சத்தியமாகத் தோன்றவில்லை. ஆபரேஷன் செய்த கிழவன் கூப்பிட்டுப் பேசாவிட்டால் ஒரு பெண்டாட்டி என்ன நினைப்பாள் என்று தோன்றியிருந்தால் இந்த விளையாட்டை ஆரம்பித்திருப்பேனா? "அய்யோ" என்று ஒரு சத்தம். அவள் குரல்தான், ஆனால் நான் அதுவரை கேட்காத குரல். அதற்கப்புறம் ஓடி வருகிற கால். கட்டில் ஆடியது. சேறு வாசனையோடு ஈரக் கை இரண்டும் என் கன்னத்தில் விழுந்தன, தோளில் விழுந்தன, மார்பில் ஓங்கி ஓங்கி விழுந்தன. "எய்ந்திருங்க, தே, எய்ந்திருங்க, என்ன உட்டுட்டுப் போயிடாதீங்க, எய்ந்திருங்க." சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்குகிறாள். அவள் தலை என் கழுத்தடியில் வந்து மோதியது. முடியிலிருந்து வியர்வை என் வாயில் படுகிறது, உப்பு. உள்ளேயிருந்து தமயந்தி, "இன்னாம்மா, இன்னா ஆச்சி" என்று கத்திக்கொண்டு வருகிறாள். பாவம், இந்தப் பொம்பிளையை இதற்கு மேல் அழவிடக்கூடாது. கண்ணைத் திறக்கவேண்டும். இதோ திறக்கிறேன். இன்னும் ஒரே ஒரு தடவை உலுக்கட்டும், திறந்துவிடுகிறேன்.